கோட்டைக்குப் போனால் கக்கூஸையும் பாருங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. காபியைக் கையில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

இந்தக் கோடையில் முகநூலைத் திறந்தாலே இங்கிலாந்துதான். படிக்கவும் வேலைக்கும் போன பிள்ளைகள் ஊரிலிருந்து அப்பா அம்மாவை வரவழைத்துச் சுற்றிக் காட்டுகிறார்கள். பார்க்கப் பெருமையாக இருக்கிறது. ஆனால் இரட்டைக் கோபுரம் உள்ள அந்தப் பாலத்தின் முன்னால் நின்றுகொண்டு, 'லண்டன் பிரிட்ஜில் அம்மாவுடன்' என்று போடும்போது என் கை தானாகச் சிவப்பு மைப் பேனாவைத் தேடுகிறது. அது டவர் பிரிட்ஜ், கண்ணுகளா. 1894இல் திறந்தது. லண்டன் பிரிட்ஜ் அதற்குக் கொஞ்சம் மேற்கே இருக்கிற வெறும் பாலம். படமெடுக்க அங்கே ஒன்றும் இல்லை. அதற்கு முன்னால் அங்கே இருந்த பழைய பாலத்தை 1968இல் ஓர் அமெரிக்கர் விலைக்கு வாங்கி, கற்களைக் கழற்றி எண் போட்டு அரிசோனா பாலைவனத்துக்குக் கொண்டுபோய்விட்டார். அதே மாதிரி 'பிக் பென்' என்பது கோபுரத்தின் பெயர் இல்லை. உள்ளே தொங்குகிற பெரிய மணியின் பெயர். கோபுரத்துக்கு 2012 முதல் எலிசபெத் டவர் என்று பெயர். இரண்டுக்கும் அரை அரை மதிப்பெண் குறைத்திருக்கிறேன்.

சரி, பேனாவை மூடிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். மகள் அங்கே இருப்பதால் இரண்டு முறை போய்த் தங்கி, பத்துப் பன்னிரண்டு கோட்டைகளை ஏறி இறங்கினேன். முழங்கால் இன்னும் அதற்குக் கணக்குக் கேட்கிறது. பார்த்தவரையில் என் அபிப்பிராயம் இதுதான். கோட்டைக்குப் போனால் ராஜா உட்கார்ந்த நாற்காலியையும் ராணி வைத்த கிரீடத்தையும் பார்க்கத்தான் நாம் வரிசையில் நிற்கிறோம். அதைப் பார்க்காவிட்டால் ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் ஒரு கோட்டை என்றால் அதில் நூற்றுக்கணக்கான பேர் குடியிருந்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? சோறு எங்கே வெந்தது? காலையில் எழுந்து எங்கே போனார்கள்? கல் சுமந்தவனுக்குக் கூலி கொடுத்தார்களா? கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பொருள் முதலில் யார் வீட்டில் இருந்தது? இந்தக் கேள்விகளை மடியில் கட்டிக்கொண்டு போனால் சிரிப்பும் வரும், சரித்திரமும் விளங்கும்.

முதலில் எல்லோரும் போகிற லண்டன் டவர். ஆளுக்கு 30 பவுண்டுக்கு மேல் டிக்கெட். குடும்பமாக நாலு பேர் போனால் நம் ஊரில் ஒரு மாத மளிகை போய்விடும். அவ்வளவு கொடுத்து உள்ளே போனால், கிரீடங்களை நின்று பார்க்க விடமாட்டார்கள். நகரும் நடைபாதையில் ஏற்றி அப்படியே நகர்த்தி விடுவார்கள். திருப்பதியில் 'ஜரகண்டி' சொல்ல ஆள் இருக்கிறார். இங்கே அந்த வேலையை மெஷின் செய்கிறது. அந்த ஒரு நிமிடத்துக்காக இரண்டு மணி நேரம் நிற்கிறவர்கள், பக்கத்திலேயே கம்பிவலையில் செய்து வைத்திருக்கிற யானையையும் வெள்ளைக் கரடியையும் பார்க்காமல் போய்விடுகிறார்கள்.

எனக்கு அந்த டவரிலேயே பிடித்தது அந்தக் கதைதான். மூன்றாம் ஹென்றி என்று ஒரு ராஜா. 1252இல் நார்வே ராஜா அவருக்கு ஒரு வெள்ளைக் கரடியைப் பரிசாக அனுப்பினார். அதன் தீனிக்கு நாளைக்கு 4 பென்ஸ். அதைக் கொடுக்க வேண்டியது ராஜா இல்லை, லண்டன் நகரத்து ஷெரீப்கள்! செலவு கட்டுப்படியாகாமலோ என்னவோ, அதற்கு ஒரு வாய்ப்பூட்டும் சங்கிலியும் நீளக் கயிறும் வாங்கி, தேம்ஸ் ஆற்றில் இறக்கி மீன் பிடித்துத் தின்ன விட்டார்கள். கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்ற மனிதரை நினைத்துப் பாருங்கள். எந்தச் சிம்மாசனமும் எனக்கு அந்த அளவு சிரிப்பைத் தந்ததில்லை. மூன்று வருஷம் கழித்து பிரான்ஸ் ராஜா ஒரு யானையை அனுப்பினார். 40 அடி நீளம், 20 அடி அகலத்தில் கொட்டாய் போடச் சொல்லி மறுபடியும் ஷெரீப் தலையில் கட்டினார்கள். பார்க்க ஊரே கூடியது. ஆனால் குளிரில் யானை எத்தனை நாள் தாங்கும்? இரண்டு வருஷத்தில் போய்ச் சேர்ந்துவிட்டது. பாகன் இல்லாத ஊருக்கு யானையை அனுப்பக் கூடாது என்பது பிரான்ஸ் ராஜாவுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

டவரில் அண்டங்காக்கைகளும் உண்டு. குறைந்தது ஆறு எப்போதும் இருக்க வேண்டும், அவை பறந்துபோனால் ராஜ்யம் விழுந்துவிடும் என்பது நம்பிக்கை. அதற்கென்று ஒரு காப்பாளர், பச்சைக் கறி, ரத்தத்தில் ஊறிய பிஸ்கட் என்று ராஜபோகம். இரண்டாம் சார்லஸ் காலத்திலிருந்தே இது நடக்கிறது என்று கதை சொல்வார்கள். ஆனால் எழுத்தில் சான்று கிடைப்பதெல்லாம் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இருந்துதான். அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைக்கிற நாம் இதைக் கேட்டுச் சிரிப்பதற்கில்லை.

கோட்டைகளில் இப்படிக் கதைகள் ஏராளம். சுழல் படிக்கட்டில் ஏறும்போது வழிகாட்டி நிறுத்தி, "படிகள் ஏன் வலமாகச் சுற்றுகின்றன தெரியுமா? கீழிருந்து ஏறும் எதிரி வலது கையால் வாள் வீச முடியாமல் நடுத்தூண் தடுக்கும்" என்பார். கேட்க அருமையாக இருக்கும். ஆனால் கோட்டை கட்டிய காலத்தில் யாரும் அப்படி எழுதி வைக்கவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் இந்த விளக்கம் கிளம்பியது. இடமாகச் சுற்றுகிற படிகளும் எத்தனையோ கோட்டைகளில் இருக்கின்றன. வேல்ஸில் கெர்னார்வன் கோட்டையில் இன்னொரு கதை. வேல்ஸ் மக்களிடம் "ஒரு வார்த்தைகூட ஆங்கிலம் பேசாத இளவரசனைத் தருகிறேன்" என்று வாக்குக் கொடுத்த முதலாம் எட்வர்ட், அப்போதுதான் பிறந்த தன் குழந்தையைத் தூக்கிக் காட்டினாராம். குழந்தை எந்த மொழியும் பேசாதுதானே! இதுவும் 16ஆம் நூற்றாண்டில்தான் எழுத்தில் வருகிறது. குழந்தை பிறந்தது 1284இல். அந்தப் பட்டம் கொடுத்ததோ 1301இல். பிள்ளைகளுக்குக் கதையைச் சொல்லுங்கள், தாராளமாகச் சொல்லுங்கள். சொல்லி முடித்ததும் "இது கதை" என்றும் சொல்லிவிடுங்கள். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் வரலாற்றுப் பாடத்தில் பாதி முடிந்தது.

இனி தலைப்புக்கு வருகிறேன். முகம் சுளிக்காதீர்கள். கக்கூஸ் என்பதே டச்சுக்காரர்கள் நமக்கு விட்டுப்போன சொல்தான். கோட்டைச் சுவரிலிருந்து வெளியே துருத்திக்கொண்டு, அடியில் ஓட்டையோடு ஒரு கல் அறை தெரிந்தால் அது கழிப்பறை. 'கார்டரோப்' என்று நாகரிகமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். துணிமணி வைக்கிற இடம் என்று அர்த்தம்! மற்றதெல்லாம் நேராக அகழியில் விழும். படத்தில் அகழியைப் பார்த்து 'எவ்வளவு ரம்மியம்' என்று எழுதுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளவும். கான்வி ஊரின் மதில்சுவரில் வரிசையாக 12 கழிப்பறைகள் இருக்கின்றன. பக்கத்துக் கட்டடத்தில் வேலை பார்த்த அரசு ஊழியர்களுக்காகக் கட்டியது. 13ஆம் நூற்றாண்டில் ஊழியர்களுக்குத் தனிக் கழிப்பறை! நான் வேலைக்குச் சேர்ந்த பள்ளிக்கூடத்தில் பெண் ஆசிரியைகளுக்கு ஒன்று கட்டித் தர எத்தனை மனு எழுதினோம் என்பது உங்களில் சிலருக்குத் தெரியும். அந்த 12ஐயும் நின்று எண்ணினேன். மாப்பிள்ளைதான் பக்கத்தில் நிற்கக் கூச்சப்பட்டார்.

தண்ணீருக்கு ஐல் ஆஃப் வைட் தீவில் இருக்கிற காரிஸ்புரூக் கோட்டைக்குப் போங்கள். 161 அடி ஆழக் கிணறு. 1587இல் கட்டிய கிணற்று வீட்டுக்குள் ஆள் உயரத்தைவிடப் பெரிய மரச்சக்கரம். சக்கரத்துக்குள் கழுதை நடக்க, கயிறு சுற்ற, வாளி மேலே வரும். இன்றைக்கும் முறைவைத்துக் கழுதைகள் நடந்து காட்டுகின்றன. எங்கள் வயதுக்காரர்கள் கவலை இறைத்ததைப் பார்த்தவர்கள். மாடு பின்னால் வர, சால் ஏறும் அந்தச் சத்தம் காதில் கேட்டது. அந்தக் கழுதைகளுக்கு 'ஜே' என்ற எழுத்தில் தொடங்கும் பெயர்தான் வைப்பது வழக்கம். அந்தக் கோட்டையில் சிறை இருந்த முதலாம் சார்லஸ் ராஜா ரகசியக் கடிதங்களில் 'ஜே' என்று கையெழுத்துப் போட்டாராம், அதனால் என்கிறார்கள். ராஜாவின் ஞாபகார்த்தமாகக் கழுதைக்குப் பெயர் வைக்கிற ஊர்! அந்த ராஜா 1648இல் ஜன்னல் வழியாகத் தப்பிக்கப் பார்த்து, தலை நுழைந்து உடம்பு நுழையாமல் கம்பிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டார். அடுத்த ஜனவரியில் லண்டனில் தலையே போய்விட்டது.

ஆனால் ஒரே ஒரு கோட்டைக்குத்தான் போக முடியும் என்றால் நான் பியூமாரிஸைத்தான் சொல்வேன். வேல்ஸின் ஆங்கிள்சி தீவில், கடல் ஓரத்தில் இருக்கிறது. பிரம்மாண்டமாக ஒன்றும் இல்லை. கோபுரங்கள் பாதியில் நிற்கின்றன. இடிந்ததனால் அல்ல, கட்டி முடிக்கவே இல்லை. 1295இல் முதலாம் எட்வர்ட் ஆரம்பித்தார். வேல்ஸ் மக்கள் கலகம் செய்ததால் அவர்களை அடக்கக் கட்டிய கோட்டை. அதற்கு இடம் வேண்டும் என்று லான்வைஸ் என்ற ஊரையே காலி செய்து, அங்கிருந்த வேல்ஸ்காரர்களைத் தீவின் இன்னொரு மூலைக்கு அனுப்பினார்கள். பெயர் மட்டும் அழகு. பியூமாரிஸ் என்றால் 'அழகிய சதுப்பு நிலம்'.

வேலையைப் பார்த்துக்கொண்ட தலைமைக் கல்தச்சர் செயின்ட் ஜார்ஜ் ஜேம்ஸ் என்பவர். 1296 பிப்ரவரியில் அவரும் கணக்கரும் சேர்ந்து கஜானா அதிகாரிகளுக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. அதன் சாரத்தைச் சொல்கிறேன், உங்களுக்கே ஏதாவது கட்டட வேலை நினைவுக்கு வரும். வாரா வாரம் இவ்வளவு பணம் எங்கே போகிறது என்று நீங்கள் யோசிக்கலாம் என்று ஆரம்பிக்கிறார். பிறகு கணக்கு. கொத்தனார்கள் 400 பேர், சித்தாள்கள் 2000 பேர், குவாரியில் கல் உடைக்கிறவர்கள் 200 பேர், கொல்லர்கள் 30 பேர், கல்லும் கரியும் கொண்டுவர வண்டிகள் 160, படகுகள் 30. அதற்கப்புறம்தான் உண்மையான விஷயம் வருகிறது. கூலி ரொம்ப நாளாகப் பாக்கி நிற்கிறது, பிழைப்புக்கு வழி இல்லாததால் ஆட்களைப் பிடித்து வைக்கவே முடியவில்லை, சீக்கிரம் பணம் அனுப்புங்கள். ஸ்காட்லாந்துச் சண்டைக்கு ராஜாவுக்குப் பணம் தேவைப்பட்டது. இங்கே வேலை அப்படியே நின்றது. பிறகு கொஞ்சம் நடந்து, 1330 வாக்கில் ஒரேயடியாக நின்றுவிட்டது.

ராஜாவின் பட்டாபிஷேகத்துக்கு யார் யார் வந்தார்கள் என்ற பட்டியல் எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். கூலி வராத சித்தாளுக்காக ஒரு மேஸ்திரி எழுதிய கடிதம் 700 வருஷத்துக்கு மேல் பத்திரமாக இருப்பதுதான் எனக்கு அதிசயம். அந்த மொட்டைக் கோபுரங்களுக்குக் கீழே, புல்தரையில் உட்கார்ந்து என் பேத்திக்கு இதைச் சொன்னேன். "அப்புறம் காசு கொடுத்தாங்களா அம்மாச்சி?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி வந்ததே போதும், டிக்கெட் காசு ஜீரணமாகிவிட்டது.

விண்ட்சர், எடின்பரோ பற்றி அதிகம் சொல்லவில்லை. எல்லோரும் போகிறீர்கள். விண்ட்சரில் தலைக்கு மேல் விமானம் பறக்கிற சத்தத்தைக் கேட்டு, "இவ்வளவு பெரிய கோட்டையை ஏன் ஏர்போர்ட் பக்கத்தில் கட்டினார்கள்?" என்று ஒரு பயணி கேட்டாராம். அங்கே பல்லாண்டாக ஓடுகிற ஜோக் அது. எடின்பரோவில் 1861 முதல் மதியம் ஒரு மணிக்குப் பீரங்கி சுடுகிறார்கள். பன்னிரண்டு மணிக்குச் சுட்டால் பன்னிரண்டு குண்டு செலவாகும், ஒரு மணிக்கு என்றால் ஒன்றோடு போச்சு என்று ஸ்காட்லாந்துக்காரர்களே தங்கள் சிக்கனத்தைக் கேலி செய்துகொள்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த ஒன்றும் கிடையாது. ஸ்டோன்ஹெஞ்சை 1915இல் சிசில் சப் என்பவர் ஏலத்தில் 6,600 பவுண்டுக்கு வாங்கினார். நாற்காலி வாங்கப் போன மனிதர் கல்லை வாங்கி வந்தார் என்று சொல்வார்கள். வீட்டில் என்ன பூஜை நடந்ததோ, மூன்று வருஷத்தில் அரசாங்கத்துக்கே கொடுத்துவிட்டார்.

இப்போது சிரிப்பைக் கொஞ்சம் நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டும். வேல்ஸில் பொவிஸ் என்று ஒரு கோட்டை. சிவந்த கல், அடுக்கடுக்காக இறங்கும் தோட்டம், யானை யானையாக வளர்ந்து நிற்கும் யூ மரங்கள், புல்வெளியில் மயில்கள். அவ்வளவு அழகு. நம் பிள்ளைகள் அந்தத் தோட்டத்தில் எடுத்த படங்களைப் பார்த்திருக்கிறேன். உள்ளே கிளைவ் காட்சிக்கூடம் இருக்கிறதே, அதன் படம் ஒருவர்கூடப் போட்டதில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்கள், பெரும்பாலும் இந்தியாவிலிருந்து போனவை. திப்பு சுல்தானின் பூவேலைத் துணிக் கூடாரம் அங்கே இருக்கிறது. அவருடைய சிம்மாசனத்தை அலங்கரித்த தங்கப் புலித்தலை ஒன்றும் அங்கே இருக்கிறது. 1799இல் திப்பு செத்து விழுந்த பிறகு எடுத்தவை. அந்தக் கூடாரத்தைப் பிறகு தோட்ட விருந்துக்குப் பந்தலாகப் போட்டிருக்கிறார்கள்.

கிளைவ் என்றதும் ஆற்காட்டு ராபர்ட் கிளைவ் ஞாபகம் வரும். அவர் மகன் எட்வர்ட் கிளைவ் 1798 முதல் 1803 வரை மதராஸ் கவர்னர். அவர் மனைவி பொவிஸ் வீட்டுப் பெண். அந்த வழியில்தான் கோட்டையும் கிளைவ் வம்சத்துக்கு வந்தது. அந்த வருஷங்களைக் கவனியுங்கள். 1799இல் கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கில் போட்டார்கள். 1801இல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை இருந்த இடம் தெரியாமல் இடித்தார்கள். அதே வருஷம் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். இத்தனையும் நடந்தபோது மதராஸ் கவர்னர் நாற்காலியில் இருந்தவர் இவர். ஆறாம் வகுப்பில் கட்டபொம்மன் வேஷம் போட்டு என்னிடம் பரிசு வாங்கியவர்களே பொவிஸ் வாசலில் ஐஸ்கிரீமோடு நிற்கிறீர்கள். அதனால் சொல்கிறேன். பாஞ்சாலங்குறிச்சியில் இப்போது நிற்பது 1974இல் தமிழக அரசு கட்டிய நினைவுக் கோட்டை. பழையதில் மண்மேடுதான் மிச்சம்.

அதற்காகப் போகாதே என்று சொல்ல மாட்டேன். போக வேண்டும். கத்திச் சண்டை போடவும் வேண்டாம். டிக்கெட் கொடுக்கிற பாட்டி கிளைவின் சொந்தக்காரி இல்லை, பாதிப் பேர் சம்பளம் வாங்காத தொண்டர்கள். ஆனால் தோட்டத்தோடு திரும்பி வராதீர்கள். அந்த அறையில் அரை மணி நேரம் நில்லுங்கள். குறிப்பு அட்டையில் 'வந்தது' என்று எழுதியிருக்கிறதா, 'எடுத்தது' என்று எழுதியிருக்கிறதா என்று படியுங்கள். பிள்ளைக்கு இரண்டுக்கும் வித்தியாசம் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் 'லூட்' என்ற சொல்லே இந்தியிலிருந்து போனதுதான், பொருளோடு பேரையும் கொண்டுபோயிருக்கிறார்கள். லண்டன் டவரில் இருக்கும் கோஹினூரும் அப்படித்தான். 1849இல் அதைக் கொடுத்ததாகச் சொல்லும் துலீப் சிங்குக்கு அப்போது பத்து வயது. பத்து வயதுப் பையன் மனமுவந்து கொடுத்தான் என்று நாற்பது வருஷம் ஐந்தாம் வகுப்பைப் பார்த்த நான் நம்ப மாட்டேன். அந்த வயதில் ஒரு ரப்பரையே தரமாட்டார்கள். 2023இல் டவர் காட்சியை மாற்றி அமைத்தபோது அந்த வைரம் வெற்றியின் அடையாளமாகக் கைமாறியதை வெளிப்படையாகவே சொல்ல ஆரம்பித்திருக்கிறார்கள். அது நல்ல ஆரம்பம். திருப்பித் தர வேண்டும் என்பது என் கருத்து. உங்களில் சிலர் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள், கருத்துப் பெட்டியில் வாதாடுங்கள், மரியாதையோடு.

கடைசியாக, அப்பா அம்மாவை அழைத்துப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். நாலு நாளில் ஒன்பது கோட்டை என்று அட்டவணை போடாதீர்கள். அவர்கள் உங்கள் முகத்தைப் பார்க்க வந்தவர்கள். ஒரு நாளைக்கு ஒரு கோட்டை, அதில் பாதி நேரம் பெஞ்சு. சுழல் படியில் பெரியவர்களை ஏற்ற வேண்டாம், ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம், புடவை வேறு தடுக்கும். பல இடங்களுக்குச் சேர்த்து வருஷச் சந்தா கட்டினால் தனித்தனி டிக்கெட்டைவிட மலிவு. செப்டம்பரில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பல பழைய கட்டடங்களை இலவசமாகத் திறந்து விடுவார்கள், அந்தத் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். புளியோதரை கட்டிக்கொண்டு போகலாம், வெளியே புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிட்டால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. வெயில் அடிக்கிறதே என்று குடையை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

அடுத்த மாதம் வேல்ஸ் போகிறேன் என்று எழுதியிருக்கும் என் 1994ஆம் ஆண்டு ஐந்தாம் வகுப்பு 'பி' பிரிவுப் பிள்ளைக்கு: கான்வியில் அந்தப் பன்னிரண்டையும் எண்ணிப் பார்த்துவிட்டு எனக்கு எழுது.